பெரும்பொழுதும் சிறுபொழுதும்

தொல்காப்பியனார் பொருளதிகாரத்தில் முதல், கரு, உரி என மூன்றினை வகுத்து, அவற்றுள் நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்றார். பண்டித வகுப்பில் இப்பகுதியைக் கற்பிக்குந்தோறும் மாணாக்கருள் ஒருவரேனும் ஒரு வினாவை எழுப்புவதுண்டு. தலைவி தலைவனுக்காகக் காத்திருத்தலன்றோ பாட்டின் பொருள்? அதற்கு மழைக்காலமும் மாலைப்பொழுதும் எதற்கு? உள்ளத்து உணர்ச்சிக்கும் நாட்கணக்கிற்கும் யாது தொடர்பு? இவ்வாறு வினாவும் மாணாக்கருக்கு யான் கூறும் விடை இதுதான்: உணர்ச்சி தானாக நிற்பதன்று, அது நிற்றற்கு ஓர் இடமும் ஒரு காலமும் வேண்டும். மாலைப்பொழுது வந்து சேராவிடின் காத்திருத்தல் என்பது வெறுஞ் சொல்லாகி ஒழியும். உரிப்பொருளே உயர்ந்ததாயினும் நிலத்தையும் பொழுதையும் முதல் என்று நூலாசிரியர் பெயரிட்டமைக்கு இதுவே காரணம் என்க.

அகப்பொருளுக்கு உரைத்த இவ்வுண்மை பத்திக்கும் பொருந்தும் என்பதே ஈண்டு யான் கூறப்புகுந்த செய்தி. கிறிஸ்தவர்களாகிய நம்மிற் பலர், இறைவனோடு நமக்குள்ள உறவு உள்ளத்தைப் பொறுத்தது, அதற்குக் காலவரையறை எதற்கு என்று எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவோருடைய செபவாழ்வு பெரும்பாலும் நோய் வந்தபொழுதும், பிள்ளைகளின் பரீட்சை நெருங்கியபொழுதும், கடன் கழுத்தை நெரித்தபொழுதும் மட்டுமே உயிர்பெறுவதைக் காண்கின்றோம். பொழுது குறிக்கப்படாத உறவு வசதியுள்ளபொழுது நினைக்கப்படும் உறவாகச் சுருங்கிவிடுகின்றது. இக்குறையை நீக்குதற்கென்றே நம் முன்னோர் திருச்சபை ஆண்டு என்னும் ஒழுங்கை அமைத்துத் தந்தனர். நாமோ அதனைக் கோயில் நிருவாகத்திற்கு உரிய திருநாட் பட்டியல் என்று கருதிச் சுவரில் மாட்டிவிட்டு வாளாவிருக்கின்றோம். அப்பட்டியல் சுவரினின்றும் இறங்கி இல்லத்தினுள்ளும் நாளாந்த வாழ்வினுள்ளும் புகுதல் வேண்டும் என்பது என் கருத்து.

முதற்கண் அவ்வாண்டின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். திருச்சபையின் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடங்குவதன்று. நவெம்பர் 30ஆந் திகதிக்கு மிக அண்மையில் வரும் ஞாயிறே அதன் தலைநாள். அன்று தொடங்குவது திருவருகைக் காலம். அது நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. பின்னர் டிசெம்பர் 25ஆந் திகதி நத்தாரும், சனவரி 6ஆந் திகதி ஞானியர் மூவர் வந்து வணங்கிய திருக்காட்சித் திருநாளும் வருகின்றன. சாம்பற் புதன் முதல் தவக்காலம். சாம்பற் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை 46 நாள்கள் உள. அவற்றுள் ஆறு ஞாயிறுகளை நீக்கினால் நோன்புக்குரிய 40 நாள்கள் எஞ்சும். ஞாயிறு எக்காலத்தும் உயிர்ப்பின் நாளாதலால் அதனை நோன்பு நாளாக எண்ணும் வழக்கம் இல்லை. உயிர்த்த ஞாயிறு முதல் தூய ஆவியின் திருநாள் ஈறாக 50 நாள்கள் உயிர்ப்புக் காலம். அதனுள் நாற்பதாம் நாள் ஆண்டவர் விண்ணகம் எழுந்த நாள். இவை ஒழிந்த 33 அல்லது 34 வாரங்கள் பொதுக்காலம் எனப்படும்.

இவற்றுள் உயிர்த்த ஞாயிற்றைக் கணிக்கும் முறை நம்மனோர்க்கு எளிதில் விளங்கக்கூடியது. கி.பி. 325ஆம் ஆண்டிற் கூடிய நிசேயாச் சங்கம், எல்லாச் சபைகளும் அத்திருநாளை ஒரே ஞாயிற்றிற் கொண்டாடுதல் வேண்டும் எனத் தீர்மானித்தது. மேலைத் திருச்சபையில் நிலைபெற்ற கணக்கின்படி, மார்ச் 21ஆந் திகதியிலோ அதன் பின்னரோ வரும் முழுமதியை அடுத்த ஞாயிறே அந்நாள். ஆகவே அது மார்ச் 22 முதல் ஏப்பிரல் 25 வரையுள்ள நாள்களுள் ஒன்றில் வரும். நம் கணக்கிற் கூறின் பங்குனியிலேனும் சித்திரையின் தொடக்கத்திலேனும் வரும். ஞாயிற்றையும் திங்களையும் நோக்கி நோன்பும் விழவும் வகுத்துக்கொண்ட நம் நாட்டில், மதியை நோக்கி நாள்குறிக்கும் இம்முறை அந்நியமானதன்று. நத்தாரோ ஞாயிற்றின் ஆண்டுக் கணக்கில் நிலைத்து நிற்பது. உரோம நகரில் அது டிசெம்பர் 25ஆந் திகதி கொண்டாடப்பட்டமைக்கு 354ஆம் ஆண்டிற் தொகுக்கப்பெற்ற நாட்குறிப்பு ஒன்று சான்று பகர்கின்றது.

இனி, இவ்வொழுங்கு தோன்றிய வகையை நோக்குமிடத்து அதன் கருத்து நன்கு புலனாகும். நான்காம் நூற்றாண்டின் இறுதியில், எஜேரியா என்னும் பெண்மணி ஒருவர் மேற்றிசையிலிருந்து எருசலேமுக்கு யாத்திரை சென்றார். 381 முதல் 384 வரை அவர் அப்பகுதியில் இருந்தார் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். அவர் தம் நாட்டிலிருந்த சகோதரிகளுக்கு எழுதிய யாத்திரைக் குறிப்பின் ஏடு 1884ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அரெற்சோ நகரில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. நம் தாமோதரம்பிள்ளையவர்கள் கரையான் வாய்ப்பட்ட பழந்தமிழ் ஏடுகளைத் தேடித் தேடி அச்சேற்றிய அதே காலப்பகுதி அது. பெரிய வியாழனிலும் வெள்ளியிலும் எருசலேமில் நிகழ்ந்தவற்றை அப்பெண்மணி விரித்துரைக்கின்றார். குருத்து ஞாயிறன்று மக்கள் ஒலிவ மலையிற் கூடி, பின்னேரத்தில் மரக்கொம்புகளை ஏந்திய சிறுவர்களோடு நகரத்துக்கு நடந்து வந்தனர். பெரிய வெள்ளியன்று நண்பகல் தொடங்கி மூன்று மணிவரை, ஆண்டவர் சிலுவையில் அறையுண்ட இடத்திலேயே அவருடைய பாடுகளை வாசிக்கக் கேட்டு அழுதனர். இவற்றையெல்லாம் கூறும் அவர் திரும்பத்திரும்ப வியந்து சொல்லும் செய்தி ஒன்றுண்டு. பாடப்பட்ட பாடல்களும் வாசிக்கப்பட்ட பகுதிகளும் அவ்வவ் விடத்திற்கும் அவ்வந் நாளிற்கும் பொருத்தமாயிருந்தன என்பதே அது. இடமும் நாளும் என்றால் நிலமும் பொழுதும் அல்லவா? தொல்காப்பியத்தைக் கேட்டறியாத அப்பெண்மணி முதற்பொருளின் இன்றியமையாமையைத் தம் கண்ணாற் கண்டு எழுதிவைத்திருக்கின்றார்.

ஆயின் எருசலேமின் நிலத்தை எவரும் தம் ஊருக்கு எடுத்துச் செல்ல இயலாது. எடுத்துச் செல்லக்கூடியது பொழுது ஒன்றே. யாத்திரிகர் திரும்பிச் சென்று தத்தம் ஊர்களில் அப்பொழுதுகளைக் கைக்கொண்டனர். அவ்வாறே ஒலிவ மலையைக் கண்ணாற் காணாத இளவாலையிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் குருத்தோலை பிடித்து மக்கள் நடக்கின்றனர். நிலம் நீங்கினாலும் பொழுது நீங்காது என்பதை நம்மவர் தம் அனுபவத்தாலும் அறிவர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி யாழ்ப்பாண மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபொழுது கோயில்களைத் தூக்கிச் செல்ல முடிந்ததா? முடியவில்லை. ஆனால் வந்த நத்தாரை வன்னியிலே, தென்மராட்சியிலே, மரநிழலிலும் கொட்டிலிலும் நின்று கொண்டாடினர். இன்று இலண்டனிலும் தொறந்தோவிலும் வாழும் நம் மக்கள் தம் ஊர்க்கோயிற் திருநாளை அந்நாளிலேயே நினைந்து கூடுகின்றனர். பொழுதைக் கைவிடாதவன் நிலத்தையும் நினைவில் வைத்திருக்கின்றான்.

தமிழுக்கும் இத்திருநாள் ஒழுங்கிற்கும் உள்ள தொடர்பும் சிறியதன்று. 1578ஆம் ஆண்டு கொல்லத்திலே தம்பிரான் வணக்கத்தை அச்சிட்ட அண்டிரிக்கு அடிகளார், 1586ஆம் ஆண்டில் அடியார் வரலாறு என்னும் பெருநூலையும் அச்சேற்றினார். திருநாள்களில் நினைக்கப்படும் அடியார்களின் சரிதங்களே அதன் பொருள். எனவே தமிழ் உரைநடை அச்சுவாகனம் ஏறிய தொடக்கநாளிலேயே திருச்சபை ஆண்டிற்குத் தொண்டு செய்தது எனலாம். பின்னர் 1705ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கு வந்து 1742 வரை உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தவக்காலத்தில் வாசித்தற்கென வியாகுலப் பிரசங்கம் இயற்றினார். எழுத்தறியாதாரும் அவ்வாசிப்பைக் கேட்டு ஆண்டவரின் பாடுகளை மனத்திற் பதித்துக்கொண்டனர்.

இத்துணைச் சிறப்புடைய ஒழுங்கை நாம் இன்று கைக்கொள்ளும் முறை யாது? பாடசாலை ஆசிரியன் என்ற முறையில் யான் ஆண்டுதோறும் காணும் ஒன்றை முதலிற் கூறுவேன். டிசெம்பர் விடுமுறைக்குப் பாடசாலை மூடுமுன் ஒளிவிழா நடைபெறுதல் வழக்கம். பாடசாலைகளிலும் காரியாலயங்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிவிழாக்கள் நிகழும். பாலன் பிறப்புக் காட்சி, நத்தார்த் தாத்தா, கேக்கு, பரிசில் யாவும் அன்றே நிறைவேறிவிடும். பிற சமயத்துப் பிள்ளைகளும் கலந்து மகிழும் அவ்விழாவை யான் குறைகூற வரவில்லை. அது நம் நாட்டிற்கு வேண்டிய நல்லதொரு வழக்கம். ஆனால் அது நிகழும் நாள்கள் திருவருகைக் காலத்தின் நாள்கள் என்பதை நாம் அறவே மறந்துவிட்டோம். காத்திருக்க வேண்டிய நான்கு வாரங்களும் கொண்டாட்டத்திற் கழிகின்றன. உண்மையாகவே நத்தார் வரும்பொழுது பிள்ளைகள் களைத்துப் போகின்றனர். டிசெம்பர் 26ஆந் திகதி எல்லாம் முடிந்தது என்று நட்சத்திரக் கூட்டைக் கழற்றும் வீடுகளும் உள. திருச்சபையோ அன்றுதான் நத்தார்க் காலத்தைத் தொடங்கியிருக்கின்றது.

உயிர்ப்பின் நிலையும் இதுவே. தவக்காலத்தின் 40 நாள்களையும் நாம் ஓரளவு ஒழுங்காகவே கைக்கொள்கின்றோம். மச்ச மாமிசம் தவிர்க்கின்றோம், சிலுவைப்பாதை செய்கின்றோம், பசாம் பாடுகின்றோம், பாடுகளின் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் சொரிகின்றோம். உயிர்த்த ஞாயிறு வைகறையில் மணியோசை கேட்டு வீடு திரும்பியதும் இறைச்சிக் கறியோடு அக்காலம் நிறைவெய்திவிடுகின்றது. அதன்பின் வரும் 50 நாள்களில் நாம் செய்வது யாது? ஒன்றுமில்லை. துக்கத்திற்கு நாற்பது, மகிழ்ச்சிக்கு ஐம்பது என்று திருச்சபை வகுத்தது. மகிழ்ச்சியின் நாள் துக்கத்தின் நாளினும் பத்து மிகை என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? பல்லாண்டு போரினாலும் பிரிவினாலும் அழுது பழகிய நமக்கு அழுகை எளிதாயிருக்கின்றது. ஆண்டவர் உயிர்த்தார் என்பதை ஏழு வாரம் நம்பி மகிழ்தல் அரிதாயிருக்கின்றது. இதுவே நம் பத்தியில் யான் காணும் பெருங்குறை.

இனித் திருச்சபை ஆண்டு நாளாந்த வாழ்விற் புகும் வழியை ஆராய்வோம். இலக்கண நூலார் பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இரண்டாக்கினர். ஆண்டின் கூறாகிய கார், கூதிர் முதலியன பெரும்பொழுது. நாளின் கூறாகிய மாலை, யாமம், வைகறை முதலியன சிறுபொழுது. இவ்விரண்டும் சேர்ந்தே ஒரு திணைக்கு முதலாகும். காரும் மாலையும் கூடியபொழுதே முல்லையின் இருத்தல் நிறைவெய்தும். அவ்வாறே திருச்சபை ஆண்டு என்னும் பெரும்பொழுது காலைச் செபம், மாலைச் செபம் என்னும் சிறுபொழுதோடு கூடினாலன்றிப் பயன்தராது.

இதனை முன்னோர் நன்கறிந்திருந்தனர். மிகப் பழைய திருச்சபை நூல்களுள் ஒன்றாகிய திதாக்கே, ஆண்டவர் கற்பித்த செபத்தை நாளொன்றுக்கு மூன்றுமுறை சொல்லுமாறும், புதன், வெள்ளி ஆகிய இரு நாள்களிலும் நோன்பிருக்குமாறும் விதிக்கின்றது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்தில் ஓதி முடிக்கும் ஒழுங்கை வகுத்தார். துறவிகளுக்கு இயன்ற இது, வயலிலும் கடலிலும் உழைக்கும் குடும்பத்தவருக்கு இயலுமா? இவ்வினாவுக்கு விடையாக 1549ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையின் செபப் புத்தகத்தைத் தொகுத்த கிரான்மர் என்பார், பல வேளைச் செபங்களையும் காலை, மாலை என்னும் இரண்டாகச் சுருக்கி, சங்கீதங்களை முப்பது நாளுக்குப் பங்கிட்டார். அவர் கைக்கொண்ட பழைய முறை ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. ஒவ்வொரு ஞாயிறுக்கும் உரிய சிறு செபம் ஒன்றுண்டு. அச்செபத்தையே அவ்வாரத்தின் எல்லா நாள்களிலும் காலையிலும் மாலையிலும் சொல்லுதல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை வாரம் முழுவதும் சுமந்து செல்லும் வழி இது. ஆண்டின் பெரும்பொழுது நாளின் சிறுபொழுதினுள் இறங்குவதற்கு இதனினும் எளிய படி வேறில்லை.

வாரமும் ஒரு சிறிய திருச்சபை ஆண்டே என்பதையும் உணர்தல் வேண்டும். வெள்ளி தோறும் பெரிய வெள்ளியின் நிழல் விழுகின்றது. ஞாயிறு தோறும் உயிர்த்த ஞாயிற்றின் ஒளி வருகின்றது. இன்னும் நுணுகி நோக்கின், மாலையில் உயிரை இறைவன் கையில் ஒப்புவித்து உறங்கி, வைகறையில் மீண்டும் பெற்றெழும் ஒவ்வொரு நாளும் அவ்வாறானதே. நாள், வாரம், ஆண்டு என்னும் மூன்று வட்டங்களும் ஒன்றனுள் ஒன்றாய் ஒரே செய்தியைச் சுற்றி நிற்கின்றன. சிறிய வட்டத்திற் பழகாதவனுக்குப் பெரிய வட்டம் வேடிக்கைக் காட்சியாகும். நாள்தோறும் செபியாதவன் பெரிய வெள்ளியன்று அழும் அழுகை நாடகம் பார்ப்பவன் அழுகையின் வேறன்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி வெளியிட்ட வழிபாடு பற்றிய ஏட்டின் பயனாக, 1969ஆம் ஆண்டில் ஆறாம் பவுல் பாப்பரசர் திருச்சபை நாட்காட்டியைத் திருத்தியமைத்தார். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றாக வகுக்கப்பட்டன. முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் எழுதியது தவக்காலத்திலும் உயிர்ப்புக் காலத்திலும் சிறப்பாக இடம்பெறும். இவ்வமைப்பைத் தழுவி 1992ஆம் ஆண்டில் பிற சபையார் பலரும் பொது வாசக அட்டவணை ஒன்றை ஏற்றுக்கொண்டனர். எனவே ஒரே ஞாயிற்றில் ஒரே நற்செய்திப் பகுதியை வெவ்வேறு சபையினர் கேட்கும் நிலை உலகில் பல இடங்களில் உண்டாயிற்று. பொதுக்காலம் வெறுங்காலம் அன்று. ஒரு நற்செய்தி நூலைத் தொடர்ந்து ஓதி முடிக்கும் கல்விக்காலம் அது. நூலொன்றைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாடங் கேட்ட மாணாக்கனுக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்யுள் கேட்டவனுக்கும் உள்ள வேற்றுமை ஆசிரியர் யாவரும் அறிந்ததே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். அதனை எளிதென்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. நாள்களையும் மாதங்களையும் காலங்களையும் ஆண்டுகளையும் கைக்கொள்வதைப் பவுலடிகள் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திற் கடிந்துள்ளார். இதனை அடியாகக் கொண்டு, 1647ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் நத்தார், உயிர்ப்புத் திருநாள் ஆகியவற்றை நீக்கிவிட்டது. அமெரிக்காவில் மாசச்சூசெற்சுக் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை நத்தார் கொண்டாடுவோருக்குத் தண்டம் விதிக்கும் சட்டமே இருந்தது. அம்மரபில் வந்த அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கு வந்தனர். 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிற் செமினரி தொடங்கினர். தமிழ்க் கல்விக்கு அவர்கள் செய்த தொண்டினை இந்நாடு மறவாது. ஒவ்வொரு நாளும் ஆண்டவருடைய நாளாயிருக்கச் சில நாள்களை மட்டும் திருநாள் என்பது ஏன் என்பதே அம்மரபினரின் வினா.

வினா நியாயமானதே. நாளைக் கைக்கொண்டதனால் புண்ணியம் சேர்ந்தது, இனி இறைவன் நமக்குக் கடன்பட்டவன் என்று எவரேனும் எண்ணுவாராயின், பவுலடிகளின் கண்டனம் அவரைச் சாரும். ஆனால் அதே அடிகள் உரோமருக்கு எழுதியபொழுது, நாளைக் கைக்கொள்வோன் அதனை ஆண்டவருக்காகக் கைக்கொள்கின்றான் என்று ஏற்றுக்கொண்டுமிருக்கின்றார். நாள் முடிவன்று, கருவி. மேலும், பெரும்பொழுதை மறுத்த அம்மரபினர் சிறுபொழுதை விடவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். காலையும் மாலையும் குடும்பத்தாரெல்லாம் கூடி வேதம் வாசித்துச் செபித்தல் அவர்களிடம் கண்டிப்பான ஒழுக்கம். நாமோ பெரும்பொழுதை வைத்துக்கொண்டு சிறுபொழுதைத் தொலைத்துவிட்டோம். ஒருவரிடம் உள்ளது மற்றவரிடம் இல்லை. 1947ஆம் ஆண்டு செப்தெம்பர் 27ஆந் திகதி தென்னிந்தியத் திருச்சபை ஒன்றியம் அமைந்தபொழுது யாழ்ப்பாணத்தில் அம்மிசன் வழிவந்த சபையாரும் அதில் இணைந்தனர். அவ்வொன்றியத்தின் வழிபாட்டு முறையில் திருச்சபை ஆண்டும் இடம்பெற்றது. இரண்டும் ஒன்று கூடுதல் இயலும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மற்றொரு மறுப்பும் உண்டு. இக்காலங்கள் குளிர்நாட்டாருக்கு ஏற்றவை, பனியும் இருளும் அறியாத நமக்கு ஏலா என்பர். யான் அவ்வாறு கருதவில்லை. திருவருகைக் காலம் நம் வடபகுதியில் மாரிமழை பெய்யும் காலம். வயலிலே நெற்பயிர் பச்சைப்பசேலென நின்று கதிர் வரும் நாளை நோக்கியிருக்கும். மழையும் மாலையும் காத்திருத்தலும் கூடியது முல்லை. திருவருகையின் உரிப்பொருளும் அதுவே. தையிலும் மாசியிலும் அறுவடை முடிந்து வீட்டில் நெல் நிறைந்த பின்னர் தவக்காலம் வருகின்றது. உள்ளவன் இல்லாதவனுக்கு ஈதற்கு அதனினும் ஏற்ற காலம் எது? தவக்காலத்திற்குரிய மாசியும் பங்குனியும் பின்பனி. பின்பனியும் வேனிலும் நண்பகலும் பாலைக்குரியன. ஆண்டவர் நாற்பது நாள் இருந்ததும் பாலைநிலம். அவர் சிலுவையிற் தொங்கியதும் நண்பகல். வைகாசியிற் சோழகக் காற்று எழுந்து பனைமரங்களை உலுப்பும் நாள்களிலேயே, காற்றென வந்த தூய ஆவியின் திருநாளும் பெரும்பாலும் வருகின்றது. இலக்கணத்தை வலிந்து பொருத்துகின்றேன் என்று எவரும் எண்ணற்க. நம் நிலத்தின் பருவங்களோடு நம் பத்தியை இணைத்துப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும் என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

அயலவரிடமிருந்தும் நாம் கற்கலாம். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் சைவ அன்பர்கள் வைகறையிருளில் எழுந்து நீராடிப் பாடுகின்றனர். கந்தசட்டி ஆறுநாளும் வீட்டிற் சமையல் முறையே மாறுகின்றது. விரதம் என்பது கோயிலில் மட்டுமன்றி அடுக்களையிலும் நடைபெறுகின்றது. அடுக்களை அறியாத திருநாள் பிள்ளைகளின் நெஞ்சில் நில்லாது.

இது வெறுங் கருத்துப் பேச்சு அன்று என்பதை அண்மைக்காலம் நமக்குக் காட்டியது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் வழிபட வந்தோர் குண்டுவெடிப்பில் மாண்டனர். தலைநகர விடுதிகளில் இறந்தோரையும் கூட்டி, அன்று மாண்டோர் இருநூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோர். அடுத்த ஞாயிறு கோயில்களிற் பொதுத் திருப்பலி நிகழவில்லை. மறு ஆண்டில் கொள்ளைநோய் வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி தொடங்கிய ஊரடங்கினால் பெரிய கிழமை முழுவதும் கோயிற் கதவங்கள் அடைபட்டன. ஏப்பிரல் 12ஆந் திகதி வந்த உயிர்த்த ஞாயிறு வீட்டிற்குள்ளே வந்தது. அவ்விரு வேளையும் ஒவ்வொரு குடும்பத்தையும் நோக்கி ஒரு வினா எழுந்தது: குருவானவரும் பீடமும் பாடகர் குழுவும் இல்லாதவிடத்து, இத்திருநாளைக் கைக்கொள்ள உனக்குத் தெரியுமா? தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பார்த்தல் ஒன்றே பல வீடுகளின் விடையாயிற்று. சில வீடுகளிலோ தந்தை பாடுகளின் வரலாற்றை வாசிக்க, தாய் விளக்கேற்ற, பிள்ளைகள் முற்றத்துத் தென்னங்குருத்தை வெட்டிச் சிலுவை பின்னினர். அவ்வீடுகளில் அவ்வறிவு அன்று புதிதாக வந்ததன்று. நாள்தோறும் கூடிச் செபித்த பழக்கத்தின் விளைவு அது. உயிர்ப்பின் நாளிலேயே உற்றாரை இழந்தோருக்கு ஆண்டுதோறும் அந்நாள் மீண்டும் வருகின்றது. அந்நாளைத் தொடர்ந்து நாற்பத்தொன்பது நாள் உயிர்ப்பின் நம்பிக்கையை ஊட்டி உடன்நடக்கும் அயலார் அவர்களுக்கு வேண்டும். அவர்கள்பொருட்டேனும் உயிர்ப்புக் காலத்தை நாம் ஒருநாளில் முடித்துவிடலாகாது.

ஆகவே செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி முடிப்பேன். அவை எவர்க்கும் அரியன அல்ல. ஞாயிறன்று கோயிலிற் கேட்ட நற்செய்திப் பகுதியை வாரத்தில் இன்னும் இருமுறையேனும் வீட்டில் உரக்க வாசித்தல் வேண்டும். பிள்ளைகள் வாசித்தல் சிறப்பு, அதனால் தமிழும் வளரும். அந்த ஞாயிற்றுக்குரிய சிறு செபத்தை மனனஞ் செய்து காலையும் மாலையும் சொல்லுதல் வேண்டும். ஆண்டு முடிவில் ஐம்பதுக்கு மேற்பட்ட செபங்கள் வாய்க்கு வந்துவிடும். திருவருகைக் காலத்தில் மாலைதோறும் ஒரு விளக்கை ஏற்றிச் சிறிது நேரம் பேசாது அமர்தல் வேண்டும்; கைத்தொலைபேசியை அவ்வேளையில் அணைத்துவைத்தல் அக்காலத்திற்கேற்ற நோன்பு. தவக்காலத்தில் வெள்ளிதோறும் தவிர்த்த உணவின் பெறுமதியை ஓர் உண்டியலிலிட்டு, பெரிய வியாழனன்று இல்லாதவர் கையிற் கொடுத்தல் வேண்டும். உயிர்ப்புக் காலத்தின் ஏழு வாரங்களிலும் வாரத்துக்கு ஒருவராக, நோயுற்றோரையோ தனித்திருக்கும் முதியோரையோ சென்று காணுதல் வேண்டும். பிள்ளைகளெல்லாம் வெளிநாடு சென்றுவிடத் தனித்து வாழும் முதியோர் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்தம் வாயிலில் நாம் சென்று நிற்றலே உயிர்ப்பின் செய்தியாகும்.

மறைக்கல்வி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். திருச்சபைக் காலங்களின் பெயர்களையும் உடையின் நிறங்களையும் பரீட்சைக்காக மனனஞ் செய்வித்தலோடு நில்லாது, இக்கிழமை வீட்டில் என்ன செய்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பாடசாலை அதிபர்களும், ஒளிவிழாவின் தொடக்கத்திலாவது காத்திருத்தலைக் குறித்த ஒரு வாசகத்திற்கும் சில நிமிட மௌனத்திற்கும் இடமளித்தல் நன்று. பெற்றோர் இதனைத் தொடங்குதற்கு அடுத்த திருவருகைக் காலம் வரட்டும் என்று பார்த்திருக்க வேண்டுவதில்லை. திருச்சபை ஆண்டின் எந்த ஞாயிறும் தொடங்கத்தக்க ஞாயிறே. வருகின்ற ஞாயிறன்று கோயிலில் வாசிக்கப்படும் பகுதி எது என்பதை இன்று மாலையே பார்த்து வைத்துக்கொள்வார்களாக.